மானியம் வாங்கும் இல்லத்தில் யாருக்கு இடம்?

கேள்வி: சாட்ஸ்வர்த்தில் எங்கள் சங்கம் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு மாகாண அரசின் மானியம் வருகிறது. பக்கத்துத் தெருவில் இருக்கும் சூலு இனப் பாட்டி ஒருவர் இடம் கேட்டுப் போனார். 'இது தமிழருக்கு மட்டும்' என்று செயலாளர் விண்ணப்பத்தையே வாங்கவில்லை. இது சரியா ஐயா?
- வாசகி, டர்பன்

பதில்: சரியே இல்லை அம்மா. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், கூட்டாட்சி அரசிடம் பணம் வாங்கும் அமைப்புகள் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நம் தென்னாப்பிரிக்காவில் பிடி இன்னும் இறுக்கம். பாகுபாட்டைத் தடுக்கும் 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அரசையும் கட்டுப்படுத்தும், ஒரு ராண்ட்கூட மானியம் வாங்காத தனியாரையும் கட்டுப்படுத்தும்.

'பண்பாட்டைக் காக்கத்தானே' என்பார்கள். சைவச் சமையலும் வெள்ளிக்கிழமை பூஜையும் தாராளமாக நடக்கட்டும். அரசியல் சாசனத்தின் 31-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. மற்ற அடிப்படை உரிமைகளோடு மோதாதவரைதான் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் வீடிழந்து சாட்ஸ்வர்த்துக்குத் துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். இனத்தைக் கேட்டு ஒரு கிழவியை நாமே வாசலோடு திருப்பி அனுப்புவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கொடுக்காவிட்டால் தேதியையும், யார் என்ன சொன்னார் என்பதையும் குறித்து வையுங்கள். செயற்குழுவிலும் ஒருமுறை பேசிப் பாருங்கள். அசையவில்லையா, அப்புறம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றத்தின் படிவம் கிடைக்கும். கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பொதுநலன் கருதி நீங்களே புகார் கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. மேலோட்டமாகப் பார்த்தாலே பாகுபாடு தெரிகிறது என்றால், அப்படி நடக்கவில்லை அல்லது அது நியாயமானதே என்று நிரூபிக்க வேண்டியது சங்கம்தான்.