பதில் வராத பிழை அறிக்கை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் தினமும் பயன்படுத்தும் ஒரு திறமூல மென்பொருளில் ஒரு பிழையைக் கண்டு விவரமாக எழுதிப் போட்டேன். மாதக்கணக்கில் பதிலே இல்லை. கடைசியில் ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) வந்து ‘நெடுநாளாக அசைவில்லை’ என்று மூடிவிட்டது. இலவசம் என்றால் இப்படித்தானா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். பாட் வைத்து மூடுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்த மென்பொருளைப் பராமரிப்பவர் பிழையைத் திருத்தித் தரக் கடமைப்பட்டவர் இல்லை. எம்ஐடி, ஜிபிஎல் என்று எந்தத் திறமூல உரிமத்தைப் புரட்டினாலும் ‘உத்தரவாதம் கிடையாது’ என்று இருக்கும். நான் எதிர்பார்ப்பது ஒரு பதில்தான். “பார்த்தேன், எனக்கும் வருகிறது. இப்போது கைவைக்க நேரமில்லை, யாராவது திருத்தம் எழுதி அனுப்பினால் பார்க்கிறேன்.” இரண்டு வரி. செய்யப்போவதில்லை என்றால் அதையும் சொல்லிவிடலாம், நீங்கள் வேறு வழி பார்த்துக்கொள்வீர்கள்.

சரி, அந்த இரண்டு வரி ஏன் வருவதில்லை? எக்ஸ்இசட் கதையைப் பாருங்கள். லினக்ஸில் எங்கும் இருக்கும், கோப்புகளின் அளவைச் சுருக்கும் மென்பொருள்; பராமரித்தவர் ஏறக்குறைய தனி ஆள். 2022-ல் சிலர் ‘ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள்’ என்று நச்சரித்தார்கள். இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை, மனநலமும் சரியில்லை என்று அவர் பொறுமையாகவே பதில் எழுதினார். உதவிக்கு வந்த ஒருவர் மெல்ல இணைப் பராமரிப்பாளர் ஆனார். 2024-ல் அவர் வழியாகவே 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி, புகுந்தது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று ஆன்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் துருவிப் பார்த்ததால் தப்பித்தோம். நச்சரித்தவர்களே அந்த உதவியாளருக்கு வழிவிட வைக்க உருவாக்கிய போலிக் கணக்குகள் என்பதுதான் பரவலான சந்தேகம். அவர்கள் எழுதியதைப் படித்தால் பொறுமையிழந்த சாதாரணப் பயனர் எழுதியது போலவே இருக்கும். எனக்கு உறுத்துவது அதுதான்.

உங்கள் பிழை புதிய பதிப்பிலும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பதிப்பு எண், செய்த படிகள், வந்த பிழைச் செய்தி மூன்றையும் எழுதி மறுபடி திறக்கச் சொல்லுங்கள். ‘இன்னுமா முடியவில்லை?’ மட்டும் வேண்டாம்.