பழைய நூலகத்தைப் புதுப்பிக்கிறோம்: புத்தகங்களை மாடிக்கு ஏற்றலாமா?

கேள்வி: எங்கள் பொது நூலகம் இரண்டு தளம் கொண்ட கான்கிரீட் கட்டடம். கட்டி 50 ஆண்டுக்கு மேலாகிறது. கீழே புத்தகங்கள், மேலே அலுவலகமும் ஒரு சின்னக் கூட்ட அறையும். வருகிறவர்கள் இப்போது குழந்தைகளுக்கு இடம், சேர்ந்து படிக்க மேசை, கணினி, கூட்டம் நடத்த ஹால் என்று கேட்கிறார்கள். தனியாகப் படிக்க வருகிறவர்களுக்கோ அமைதி வேண்டும். புத்தகங்களை மாடிக்கு ஏற்றிவிட்டுக் கீழ்த்தளத்தைத் திறந்த ஹாலாக்கலாம் என்பது குழுவின் யோசனை. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் உள்ள ‘ஓடி’ (Oodi) நூலகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று படம் காட்டினார்கள். சிலர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்கிறார்கள். கையில் இருக்கும் பணம் அளவானது. எதில் தொடங்குவது?

பதில்: புத்தகங்களை மாடிக்கு ஏற்றும் யோசனையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். உங்கள் மாடித் தளம் அந்தக் கனத்தைத் தாங்குமா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 90 செ.மீ. அகலமுள்ள ஒரு தட்டு நிறையப் புத்தகம் அடுக்கினால் சுமார் 25 கிலோ வரும். கலைக்களஞ்சியம், அகராதி என்றால் இன்னும் கூடும். ஆள் உயரத்துக்கு மேல் போகும் இருபக்க ரேக்கில் பக்கத்துக்கு 7 தட்டு, மொத்தம் 14. அதாவது 350 கிலோ. ரேக்கின் எடை தனி. இவ்வளவும் இறங்குவது அரைச் சதுர மீட்டர் இடத்தில். இப்படிப்பட்ட ரேக்குகள் வரிசையாக, ஆண்டுக்கணக்கில், அசையாமல் நிற்கும். அதனால்தான் புத்தக அடுக்கு அறையின் தளம் சதுர மீட்டருக்கு 6 அல்லது 7 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 600 முதல் 700 கிலோ, தாங்க வேண்டும் என்று கட்டட விதிகள் கேட்கின்றன. சாதாரண அலுவலகத் தளத்துக்கு 2.5 கிலோநியூட்டன் அளவே போதும். உங்கள் மாடி அலுவலகத்துக்காகப் போட்டது என்றால், இரண்டு மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கிறது. தண்டவாளத்தில் நகர்ந்து நெருக்கிக்கொள்ளும் ரேக்குகள் வாங்கும் எண்ணம் இருந்தால், அவற்றுக்கு இதைப்போல் இன்னும் இரு மடங்கு பலம் தேவை. அவற்றைத் தரைத்தளத்தில் வைப்பதே நல்லது.

மனதில் வைக்க வேண்டியது இதுதான்: புத்தகத்துக்காகக் கட்டிய தளத்தில் பின்னால் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். வேறு எதற்கோ கட்டிய தளத்தில் புத்தகத்தை நினைத்தபடி ஏற்ற முடியாது. ஆட்கள் கூடும் ஹாலுக்கும் 4 அல்லது 5 கிலோநியூட்டன் கேட்பார்கள். ஆகவே, மாடியில் சின்ன அறைகளை உடைத்துப் பெரிய ஹாலாக்குவதானாலும் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

ஓடி நூலகம் 2018 டிசம்பரில் திறக்கப்பட்டது. கீழே மக்கள் கூடும் தளம், நடுவில் பட்டறைகளும் ஸ்டுடியோக்களும், மேலே புத்தகங்கள். அந்த மேல்தளத்தின் கனம் வரைபடத்திலேயே கணக்கிடப்பட்டது. கீழ்த்தளத்தில் தூண்கள் குறுக்கே வராமல் இருக்க, 100 மீட்டருக்கு மேல் நீளும் எஃகு வளைவுகள் கட்டடத்தைத் தாங்குகின்றன. இந்த ஏற்பாட்டை ஏற்கெனவே இருக்கும் கட்டடத்துக்குள் கொண்டுவர முடியாது. ஓடியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: சத்தமான வேலையையும் அமைதியான வேலையையும் தளம் தளமாகப் பிரித்திருப்பது. அதை நீங்களும் செய்யலாம். புத்தகம் கீழேயே இருக்கும்போதும் செய்யலாம்.

இடிப்பதா வேண்டாமா என்பதையும் அந்தப் பொறியாளரின் அறிக்கையே தீர்மானிக்கட்டும். தூண், பீம், அஸ்திவாரம் நன்றாக இருந்தால் என் ஓட்டு புதுப்பிப்பதற்குத்தான். கட்டடத்தில் அதிகச் செலவும் அதிக சிமென்டும் இரும்பும் விழுங்கியது அந்த எலும்புக்கூடு. அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உரிந்திருக்கிறதா, மொட்டை மாடி எங்கே கசிகிறது, அந்தக் காலத்துக் கூரைத் தகடுகளிலோ பலகைகளிலோ கல்நார் (மூச்சில் போனால் ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா, இவை மூன்றையும் முதலிலேயே சோதித்துவிடுங்கள். பாதி வேலையில் கல்நார் தெரியவந்தால் வேலை நின்றுபோகும்.

எந்த ரேக்கையும் தடுப்பையும் பிரிக்கும் முன் அது எதையாவது தாங்குகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நியூயார்க் பொது நூலகத்தின் 1911ஆம் ஆண்டுக் கட்டடத்தில், ஏழு அடுக்குப் புத்தக ரேக்குகள்தான் மேலே இருக்கும் பெரிய வாசிப்பறையின் தளத்தையே தாங்கி நிற்கின்றன. அவற்றை அகற்றிப் பொதுமக்களுக்கான இடமாக்கும் திட்டம் பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 2014இல் கைவிடப்பட்டது. உங்கள் கட்டடத்தில் அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் இரும்புப் பரண் எதுவும் இருந்தால் கேட்காமல் கழற்றாதீர்கள்.

சரி, வடிவமைப்புக்கு வருவோம். கட்டடக் கலைஞரிடம் போகும்போது பெரும்பாலான குழுக்கள் அறைகளின் பட்டியலோடு போகின்றன: குழந்தைகள் அறை ஒன்று, கணினி அறை ஒன்று, ஹால் ஒன்று, வாசிப்பறை ஒன்று. பட்டியலைக் கூட்டினால் இருக்கிற கட்டடம் போதாது என்று வரும். உடனே இடிக்கும் பேச்சு எழும். நான் கேட்பது நேரப் பட்டியல். காலை 10 மணிக்கு யார் இருக்கிறார்கள்? மாலை 5 மணிக்கு? விடுமுறை நாளில்? இரண்டு வாரம் எண்ணுங்கள். தளப்படத்தை நகலெடுத்து, ஒவ்வொரு மணிக்கும் ஒரு நகலில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், தனியாகவா குழுவாகவா, என்ன செய்கிறார்கள் என்று புள்ளி வையுங்கள். காலியாகக் கிடக்கும் மூலைகளும் தெரியும். மனிதர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து லேப்டாப் பார்ப்பதும் தெரியும். சிறிய நூலகங்களில் குழந்தைகள் வரும் நேரமும் முதியவர்கள் செய்தித்தாள் படிக்க வரும் நேரமும் பெரும்பாலும் ஒன்றல்ல. இரண்டுக்கும் தனித்தனி அறை கட்டத் தேவையில்லை. ஒரே இடம் நேரத்துக்கு நேரம் மாறினால் போதும். வராதவர்களிடமும் கேளுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏன் வருவதில்லை என்பதற்கு விடை வாசல் படியிலேயே இருக்கக்கூடும்.

இடம் மாற வேண்டுமானால் ரேக் நகர வேண்டும். கீழ்த்தளத்தின் நடுவில் நிற்கும் உயரமான ரேக்குகளைச் சுவரோரம் கொண்டுபோய், சுவரில் இழுத்துப் பொருத்திவிடுங்கள். நடுவில் மூன்று தட்டுள்ள, ஏறக்குறைய 1.2 மீட்டர் உயர ரேக்குகள், சக்கரத்தோடு. இருபக்கமும் நிறைந்தாலும் புத்தகம் 150 கிலோதான்; இரண்டு பேர் தள்ளிவிடலாம். ஆனால் சில விஷயங்களை விட்டுவிடாதீர்கள். சக்கரம் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. சின்னச் சக்கரம் ஓடு இணைப்பிலேயே சிக்கும். பூட்டும் வசதி உள்ள சக்கரங்கள் வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை சாய்ந்தால் நகரும். அடிப்பாகம் மேல்பாகத்தைவிட அகலமாக இருக்கட்டும். ஒவ்வொன்றும் ஒரே 90 செ.மீ. அகலத்தோடு நிற்கட்டும். நீள ரேக்கைத் திருப்பவே முடியாது. ஒரு மாதத்துக்குப் பிறகு யாரும் அதைத் தொட மாட்டார்கள். உயரமான ரேக்குக்கு மட்டும் சக்கரம் கூடவே கூடாது, கவிழ்ந்துவிடும். நிலையாக நிற்கும் ரேக்குகளுக்கு நடுவே குறைந்தது 90 செ.மீ., முடிந்தால் 1.1 மீட்டர் வழி விடுங்கள். சக்கர நாற்காலி திரும்புவதற்கு வரிசை முடிவில் 1.5 மீட்டர் வேண்டும்.

புத்தகங்களை எவ்வளவு குறைப்பது என்று தயங்குவீர்கள். தட்டில் கால் பங்கு காலியாக இருந்தால்தான் புத்தகம் எடுக்கவும் வைக்கவும் எளிது. முகப்பு தெரிய நாலு புத்தகத்தை நிறுத்தியும் வைக்கலாம். ஐந்து ஆண்டாக யாரும் தொடாதவற்றை நூலகர் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யட்டும். உள்ளூர் வரலாறு, வேறெங்கும் கிடைக்காத ஒற்றைப் பிரதி ஆகியவை இந்தக் கணக்கில் வராது. இது நூலகரின் வேலை. கட்டடக் குழு மீட்டர் கணக்கில் புத்தகம் கழிக்கச் சொல்வதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

இப்போது சத்தம். புதுப்பித்த நூலகங்களைப் பற்றி வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான், காரணமும் உண்டு. வரிசை வரிசையாக நின்ற புத்தகங்கள் இத்தனை காலம் சத்தத்தை உறிஞ்சிக்கொண்டும் சிதறடித்துக்கொண்டும் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டுப் பளபளப்பான தரையும் கண்ணாடிச் சுவரும் வைத்தால், பேச்சு அறை முழுக்க எதிரொலிக்கும். குழந்தைகளைக் குறை சொல்வார்கள். குறை கூரையில் இருக்கும். காலியான அறையின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். ஒலி வால் போல் நீண்டு போனால், உறிஞ்சும் பொருள் போட்டே ஆக வேண்டும். எதிரொலி அடங்கும் நேரம் ஒரு வினாடிக்குள் வருவதை இலக்காக வைக்கலாம். முதல் பணம் கூரையின் அடிப்பக்கத்தில் ஒட்டும் ஒலி உறிஞ்சும் பலகைகளுக்கு. அப்புறம் குழந்தைகள் பகுதியில் கம்பளம்.

எதிரொலியைக் குறைப்பதும் சத்தத்தைத் தடுப்பதும் இரண்டு வேறு வேலைகள். நெதர்லாந்தின் டில்பர்க்கில், ரயில் இன்ஜின் பழுதுபார்த்த பழைய பணிமனையை லோக்ஹால் என்ற நூலகமாக மாற்றி 2019இல் திறந்தார்கள். அந்தப் பிரம்மாண்டக் கூடத்தில் கூரையிலிருந்து தொங்கும் பெரிய திரைகளை இழுத்து, வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். திரைகள் எதிரொலியையும் குறைக்கின்றன. நேரத்துக்கு நேரம் மாறும் இடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உரத்துப் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும். முழு அமைதி வேண்டிய அறைக்குச் சுவர்தான் வழி, அதுவும் மேல்தளத்தின் அடியைத் தொடும் சுவர். பால்ஸ் சீலிங்கோடு நின்றுவிடும் தடுப்புக்கு மேலே இருக்கும் வெற்றிடம் வழியாக ஒவ்வொரு வார்த்தையும் வந்துவிடும். கதவடி இடுக்குக்கு ரப்பர் பட்டை போடச் சொல்லுங்கள்.

ஆக, உங்கள் கட்டடத்தை நான் இப்படிப் பிரிப்பேன். வாசலருகே வரவேற்பு, செய்தித்தாள், குழந்தைகள். நடுவில் சக்கர ரேக்குகளும் மடக்கு மேசைகளும். சிறிய கூட்டம் என்றால் ரேக்குகளை ஓரம் தள்ளி 40, 50 பேர் உட்காரலாம். பின்பக்கம் புத்தகச் சுவர்கள். மாடியில் இப்போதைய கூட்ட அறை அமைதியான வாசிப்பறையாகட்டும். மேசை, நாற்காலி, வாசகர்கள் மட்டும், கனமில்லை. அலுவலகத்தைச் சுருக்கி, நாலைந்து பேர் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் அறை ஒன்றோ இரண்டோ எடுக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. லிப்ட் இல்லாவிட்டால் படியேற முடியாதவருக்கு அமைதியான இடமே இல்லாமல் போகும். உள்ளே தளத்தை வெட்டி லிப்ட் வைப்பதைவிட, படிக்கட்டு மாடியில் முடியும் இடத்துக்கு வெளிப்புறம் சுவரை ஒட்டித் தனிக் கூண்டு எழுப்புவது பெரும்பாலும் சுலபம். நூலகத்தை மூடாமலேயே பாதி வேலை முடிந்துவிடும். பணம் வரும்வரை கீழேயே ஒரு சின்ன அமைதி அறை வையுங்கள். இதில் சமரசம் வேண்டாம். வாசலில் சாய்தளம் 12க்கு 1 (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்) என்ற சரிவைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது.

நூலகம் மூடிய பிறகும் கூட்டம் நடக்க வேண்டுமா? அப்படியானால் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் புத்தகப் பகுதி வழியாகத்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால், ஊழியர் ஒருவர் இரவு வரை காத்திருப்பார். சில மாதங்களில் கூட்டங்கள் நின்றுவிடும். வாசல், கழிப்பறை, நடு ஹால் மூன்றும் ஒரு பக்கம், பின்பக்க ரேக்குகளும் ஊழியர் அறையும் மறுபக்கம், நடுவே பூட்டக்கூடிய ஒரே மடக்குத் தடுப்பு. தீ விபத்தில் வெளியேறும் வழியை மட்டும் அந்தப் பூட்டு அடைக்கக் கூடாது.

விளக்கு: மேசைமேல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), ரேக்கின் முகப்பில் 200 லக்ஸ், அடித்தட்டுக்கும் வெளிச்சம் விழ வேண்டும். விளக்கு வரிசைகளை ரேக் வரிசைகளுக்குக் குறுக்காகப் போடச் சொல்லுங்கள். நடைவழிக்கு நேர்மேலே போட்டால், ரேக்கை நகர்த்திய அன்றே வெளிச்சம் புத்தகத்தின் தலையில் விழும். நேரடி வெயில் படும் ஜன்னலருகே மேசை வைத்தால் திரையில் கண் கூசும். புத்தகம் வைத்தால் அட்டை வெளுக்கும். வெளிப்பக்கம் நிழல் தரும் தடுப்பு, உள்பக்கத் திரையைவிட நன்றாக வேலை செய்யும். பிளக் பாயின்ட் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு தேவைப்படும். சுவர்களிலும் தூண்களிலும் வைத்துவிட்டு, பிற்பாடு வயர் இழுக்கக் காலிக் குழாய்களையும் இப்போதே பதித்துவிடுங்கள். தண்ணீர்க் குழாய் எதுவும் ரேக்குக்கு மேலே போகக் கூடாது.

செலவு வரிசையும் முக்கியம். கசிவு, கம்பி, மின்சாரம், கழிப்பறை, கூரை ஒலிப் பலகை, அதற்குப் பிறகே நாற்காலியும் முகப்பும். நன்கொடையாளர்களுக்கு முகப்புதான் கண்ணில் படும், அழுத்தம் வரும். நூலகர் பக்கம் நில்லுங்கள். மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறப்பு விழாவுக்கு முன் தொடாதீர்கள். திறந்து ஆறு மாதம் ஆன பிறகுதான் எந்த மேசைக்கு மின் இணைப்பு போதவில்லை, எந்த மூலையில் இன்னொரு கதவு வேண்டும் என்பது தெரியும். அந்த வேலைகளுக்குத்தான் அந்தப் பணம்.