மறதிக்கு டானிக் கேட்ட தாய்க்கு

கேள்வி: எனக்கு 36 வயது. பாலக்காடு மாவட்டம், மீனாட்சிபுரம் பக்கம் வீடு. மகள் பொள்ளாச்சியில் பிளஸ் ஒன். மகனுக்கு ஐந்தரை வயது, இங்கே கேரளப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. கணவர் முதலமடையில் மாங்காய் வியாபாரம் செய்கிறார். மாமியாருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. நான் வீட்டிலேயே தைக்கிறேன். குடும்பஸ்ரீ அயல்கூட்டக் (பெண்கள் சுயஉதவிக் குழு) கணக்கும் என் பொறுப்பு. ஆறு மாதமாக மறதி அதிகம். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் நினைவு வருகிறது. மகனுடைய ஐந்து வயது ஊசியையே மறந்துவிட்டேன். ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா வந்து கேட்டபோது அழுதுவிட்டேன். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. கணவர் நல்லவர், சொன்னால் எதையும் செய்வார். ஞாபகசக்திக்கு நல்ல டானிக் சொல்லுங்கள், டாக்டர்.

பதில்: முதலில் அந்த ஊசி. அது டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் தடுப்பூசி) இரண்டாவது பூஸ்டர். ஐந்து முதல் ஆறு வயதுக்குள் போடுவது வழக்கம்; தள்ளிப்போனாலும் ஏழு வயது ஆவதற்குள் போடலாம். மகனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. வருகிற தடுப்பூசி நாளன்று கூட்டிப்போங்கள், போதும். அதற்காக இனி அழ வேண்டாம்.

அடுத்து, உங்கள் மறதி. 36 வயதில் டிமென்ஷியா என்ற மறதி நோய் வருவது மிக மிக அபூர்வம். எதை மறந்தோம், எப்போது மறந்தோம் என்று இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்களே, அதுவே நல்ல அறிகுறி. பாலை அடுப்பில் வைக்கும் நேரத்தில் உங்கள் கவனம் வேறு எங்கோ இருந்திருக்கிறது. மனதில் பதியாத ஒன்றை மூளை எங்கிருந்து எடுத்துத் தரும்?

அந்தக் கவனம் எங்கே போகிறது என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி. மகளுக்குத் தமிழ்நாட்டுக் காலாண்டுத் தேர்வு, மகனுக்கு ஓணத் தேர்வு. ஒரே வீட்டில் இரண்டு மாநிலத்து விடுமுறைப் பட்டியல். மகன் பள்ளியின் வாட்ஸ்அப்பில் மலையாளத்தில் வரும் அறிவிப்பை வீட்டில் படிக்கத் தெரிந்தவர் அநேகமாக நீங்கள் ஒருவர்தான். எல்லையோரக் குடும்பங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். மாமியார் மாத்திரை எப்போது தீரும், யார் சங்கப் பணம் கட்டவில்லை, யாருடைய ரவிக்கை எந்தக் கல்யாணத்துக்கு முன் வேண்டும் என்று ஒவ்வொன்றும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். செய்யும் ஆண்கள் 88 நிமிடம். இது கை செய்யும் வேலையின் கணக்கு மட்டும். தைத்துக்கொண்டே நாளைய டிபனையும் மாத்திரையையும் யோசிக்கிறீர்களே, அது இந்தக் கணக்கில் சேராது. ஆலிசன் டாமிங்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2019-இல் இந்த மன வேலையைப் பிரித்துக் காட்டினார்: முன்கூட்டி யோசிப்பது, வழி தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று பார்ப்பது. அவர் ஆராய்ந்த தம்பதிகளில் முடிவெடுப்பது ஓரளவு இருவருக்கும் பொதுவாக இருந்தது. முன்கூட்டி யோசிப்பதும் நடந்ததா என்று பார்ப்பதும் பெரும்பாலும் மனைவி தலையில்.

அதனால்தான் “சொன்னால் செய்வார்” என்ற வரியில் நின்றுவிட்டேன். உங்கள் கணவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் நினைவு வைத்து, சரியான நேரத்தில் சொல்லி, செய்தாரா என்று பார்ப்பது உங்கள் வேலையாகவே இருக்கிறதே. அவர் கடைக்குப் போய்வந்தாலும் உங்கள் தலை காலியாவதில்லை.

எனவே ஒரு பொறுப்பை அடியோடு கைமாற்றுங்கள். மாமியாரின் மருந்திலிருந்து ஆரம்பிக்கலாம், அவருடைய அம்மாதானே. மாத்திரை எப்போது தீரும், அடுத்த பரிசோதனை எப்போது, வண்டி ஏற்பாடு என்று எல்லாம் இனி அவர் பார்க்கட்டும். எந்தத் தோப்பில் எத்தனை பெட்டி, எந்த லாரி எப்போது கிளம்பும் என்று சீசன் முழுக்க நினைவில் வைத்திருப்பவருக்கு இது பெரிய காரியமே அல்ல. பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் நின்றுபோகக் கூடாது என்பதால் எப்போதும் பத்து நாள் மாத்திரை கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். அந்த இருப்பு இருந்தால் ஒருமுறை அவர் மறந்தாலும் ஆபத்தில்லை, நீங்களும் ஓடிப்போய் வாங்க வேண்டாம். இதுதான் கஷ்டம், தெரியும். சீசன் தொடங்கும் முன்பே கைமாற்றுங்கள். சீசன் வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள்.

அடுத்த மாதம் பள்ளி அறிவிப்புகள். மலையாள எழுத்து வராது என்பது இப்போது ஒரு காரணமல்ல. வந்த செய்தியைப் போனில் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் தமிழில் ஓரளவு மொழிபெயர்த்துக் காட்டிவிடும். டீச்சரிடம் சொல்லி உங்கள் கணவரின் எண்ணையும் குரூப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: பெண் பிள்ளை என்பதற்காக மகளிடம் இதை இறக்கி வைப்பது. தன் புத்தகம், தன் பஸ் பாஸ், தன் துணி அவள் பார்க்கட்டும். தம்பியின் ஊசியும் பாட்டியின் மாத்திரையும் அவள் சுமக்க வேண்டியவை அல்ல.

படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம், நாளைக்கும் அடுத்த சில நாட்களுக்கும் செய்ய வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். 2018-இல் அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வில், இப்படி எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் செலவில்லாதது. மூன்று மணிக்கு விழித்தாலும் அதே நோட்டில் எழுதிவிட்டுப் படுங்கள், போனை எடுக்காதீர்கள்.

எல்லாமே மனச்சுமை என்று நானும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஹீமோகுளோபின், தைராய்டு (டி.எஸ்.எச்.), பி12, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. களைப்பும் கவனக்குறைவும் அதிலேயே வரலாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் டீ, காபியோடு விழுங்காதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது. ஞாபகசக்தி டானிக் நான் எழுதித் தரப்போவதில்லை. உங்களுக்கு அது பயன்படும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், காரணமில்லாமல் அழுகை வந்து, பசியும் கெட்டால் அது மனச்சோர்வாக இருக்கலாம். விடியும் முன்பே விழிப்பு வருவதும் அதன் அடையாளங்களில் ஒன்று என்பதால் உங்களிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டியிருக்கிறது. கேரளத்தில் குடும்பாரோக்கிய மையங்களில் இதற்கென்றே ‘ஆஸ்வாசம்’ கிளினிக் நடக்கிறது. உங்கள் ஆஷா அக்காவிடம் விசாரியுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் ரத்தப் பரிசோதனைக்கெல்லாம் காத்திராமல் இன்றே அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

அப்படி இல்லையென்றால் பரிசோதனை முடிவுகளோடு அருகிலுள்ள மருத்துவரைப் பாருங்கள். கணவரையும் கூட்டிப்போங்கள். எந்த நாள், எந்த நேரம், டோக்கன் யார் எடுப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.