அடுத்தவர் சிலுவைக்கு விளக்கவுரை

கேள்வி: எங்கள் சபைச் சகோதரி ஒருவர் கணவரை இழந்தவர். இப்போது சிறுநீரகமும் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்கிறார். வாரந்தோறும் அவர் வீட்டுக்குப் போய் ஜெபிக்கிறோம். “கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனைச் சிட்சிக்கிறார்” என்று நான் ஆறுதல் சொன்னபோது, “போதும் அக்கா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாடுகளின் வழியாகத்தான் ஆவிக்குரிய வளர்ச்சி வரும் என்பதை அவருக்கு எப்படி உணர்த்துவது?
— ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: உணர்த்த வேண்டாம். வாரத்தில் இரண்டோ மூன்றோ நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருப்பவருக்குப் பாடு என்றால் என்ன என்று நீங்கள் வகுப்பெடுக்க ஒன்றுமில்லை. அந்தச் சகோதரி “போதும் அக்கா” என்று மரியாதையோடு நிறுத்திக்கொண்டார். வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து நோயிலும் விழுந்த யோபு, ஆறுதல் சொல்ல வந்த தன் நண்பர்களை “அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்” என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

அந்த நண்பர்களில் முதலில் பேசியவன் எலிப்பாஸ். அவன் யோபிடம் சொன்னது என்ன தெரியுமா? தேவன் தண்டிக்கிற மனுஷன் பாக்கியவான், சர்வவல்லவருடைய சிட்சையை அற்பமாக எண்ணாதே (யோபு 5:17). நீங்கள் சொன்ன அதே ஆறுதல்தான். வசனமாகப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. நீதிமொழிகளிலும் எபிரெயர் நிருபத்திலும் இதே கருத்து வருகிறது. ஆனாலும் கடைசி அதிகாரத்தில் கர்த்தர், “உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது” என்று எலிப்பாஸிடம்தான் சொல்கிறார். புலம்பித் தீர்த்த யோபு அவர்களுக்காக ஜெபிக்க வேண்டியதாயிற்று. அந்த மூவரும் உருப்படியாகச் செய்தது, வந்தவுடன் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்ததுதான்.

நீங்கள் சொன்ன வசனம் வருகிற எபிரெயர் 12 யாருக்கு எழுதப்பட்டது என்பதையும் பாருங்கள். விசுவாசத்துக்காக நிந்தைப்பட்டு, ஆஸ்திகளைப் பறிகொடுத்தவர்களுக்கு. சிட்சையைப் பற்றிப் பேசி முடித்த கையோடு, தளர்ந்த முழங்கால்களை நிமிர்த்துங்கள் என்கிறது நிருபம். நாம் ஐந்தாம் ஆறாம் வசனங்களை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, பன்னிரண்டாம் வசனம் வருவதற்குள் காப்பி குடித்துக் கிளம்பிவிடுகிறோம்.

பாடுகளால் ஒருவர் வளர்வதில்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் பக்கத்து மாவட்டத்து டோனாவூரில் வாழ்ந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1931 அக்டோபரில் ஒருநாள், ஊழியத்துக்கு என்னைத் தகுதியாக்க எது வேண்டுமானாலும் செய்யும் என்று ஆண்டவரிடம் கேட்டார். அன்று மாலையே களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமே காலம் போயிற்று. எழுத்து நிற்கவில்லை. நோயாளிகளுக்கென்று அவர் எழுதிய கடிதங்கள் 1933இல் புத்தகமாகவே வந்தன. தனக்கு வந்த ஆறுதல் எழுத்துகளில் பெரும்பாலானவை சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதியவை, அவை மனதைத் தொடவில்லை என்பதால்தான், படுக்கையில் இருந்துகொண்டே அவற்றை எழுதினார். அந்த ஜெபத்தைத் தனக்காக அவரே செய்தார் என்பது முக்கியம். வேறொருவர் வந்து அவர் கட்டிலுக்கு மேல் அதை எழுதி மாட்டவில்லை. “நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது” என்று சங்கீதக்காரனும் தன்னைப் பற்றித்தான் சொன்னான்.

அந்தச் சகோதரியும் ஒருநாள் அப்படிச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். அதைக் கணக்குப் பார்ப்பது உங்கள் ஜெபக்குழுவின் வேலை இல்லை. அப்போஸ்தலன் பவுலே, தன் மாம்சத்தில் முள்ளாகக் குத்திய வேதனையை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டவர். வேதனை போதும் என்று கேட்பது வளர்ச்சிக் குறைவு என்றால் அவருக்கும் நாம்தான் வகுப்பெடுக்க வேண்டும்!

சரி, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அடுத்த வாரம் ஜெபத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஆள் இருக்கிறதா, ஆட்டோ செலவுக்கு என்ன செய்கிறார் என்று விசாரியுங்கள். ஆள் இல்லை என்றால் மாதத்தில் சில நாள் நீங்களே போய் அந்த நான்கு மணி நேரமும் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் மீன் சாப்பிடாமல் இருப்பதைவிட இது கடினமான ஒழுக்கம். சாப்பாடு கொண்டுபோவதானால் மட்டும் முதலில் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உப்பு, பழம், குடிக்கிற தண்ணீர் எல்லாம் அவர்களுக்கு அளவுதான். நல்லெண்ணத்தில் இளநீர் வாங்கிப் போய்விடாதீர்கள்.