ஊசி குத்தாமல் சுகர் காட்டும் ஸ்மார்ட்வாட்ச்: அப்பாவுக்கு வாங்கலாமா?

வாங்காதீர்கள். அப்பா இன்சுலின் போடுபவராகவோ சுகரை மிகவும் இறக்கிவிடக்கூடிய கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவராகவோ இருந்தால், பணம் போவதோடு நிற்காது. வாட்ச் காட்டும் தவறான எண்ணை நம்பி மருந்து எடுத்தால் உயிருக்கே ஆபத்து.

"ஆக்ஸிஜன் அளவை வெளிச்சத்தாலேயே காட்டுகிறதே, சுகரைக் காட்டாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் சுமார் 14 கிராம் இருக்கிறது. அடர்ந்த நிறம் கொண்டது. ஆக்ஸிஜன் ஏறியிருக்கும்போது ஒரு மாதிரியும் இறங்கியிருக்கும்போது வேறு மாதிரியும் ஒளியை உறிஞ்சும். அதே டெசிலிட்டரில் குளுக்கோஸ் 100 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும், அதற்கு நிறமும் கிடையாது. வாட்ச்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. குளுக்கோஸ் ஓரளவு அடையாளம் காட்டும் இடங்கள் அகச்சிவப்பில், 1500 முதல் 1800, 2050 முதல் 2300 நானோமீட்டர் வரை. சாதாரண வாட்ச்சில் இருக்கும் சிலிக்கான் ஒளியுணரி 1100 நானோமீட்டருக்கு மேல் பார்க்காது. பார்த்தாலும் அந்த இடத்தில் தோலிலுள்ள தண்ணீர் எல்லாவற்றையும் மூடிவிடும். தோலின் சூடு, வியர்வை, பட்டையின் இறுக்கம் ஆகியவற்றால் வரும் மாற்றம் குளுக்கோஸால் வரும் மாற்றத்தைவிடப் பெரிதாகிவிடும்.

அப்படியானால் திரையில் எண் எப்படி வருகிறது? பல ஆப்கள் முதலில் உங்கள் குளுக்கோமீட்டர் அளவைப் பதியச் சொல்லும். பிறகு அதைச் சுற்றியே எண்களைக் காட்டினால் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

விளம்பரத்தில் 'ஏ, பி மண்டலத்தில் 99 சதவீதம்' என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். அது 1987இல் வந்த கிளார்க் கட்டத்தைச் சொல்கிறது. சுகர் கருவி காட்டும் எண்ணை உண்மையான அளவோடு ஒப்பிட்டு, பிழையை ஏ முதல் ஈ வரை மண்டலங்களாகப் பிரிக்கும் வரைபடம் அது. ஏ, பி என்றால் சிகிச்சையைத் தவறாக்காத பிழை என்று பொருள். எப்போதும் 150 என்று மட்டும் காட்டும் ஒரு பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான சுகர் 70 முதல் 240 வரை எங்கே இருந்தாலும் அந்தப் பொம்மை ஏ அல்லது பி மண்டலத்தில்தான் விழும். 55க்கு இறங்கியபோதும் 320க்கு ஏறியபோதும் மட்டும் மாட்டிக்கொள்ளும். நமக்கு எச்சரிக்கை தேவைப்படுவதே அந்த இரண்டு நேரங்களில்தான்.

"அறிவியல் வளரவில்லையா?" என்று யாராவது சண்டைக்கு வரலாம். வளர்கிறது. 2020இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒளி சிதறும் விதத்தை வைத்துப் பொருளை அடையாளம் காணும் ராமன் ஒளிச்சிதறல் முறையில் பன்றியின் தோல் வழியாகவே குளுக்கோஸின் அடையாளத்தை நேரடியாகப் பார்த்தார்கள். அதற்கு லேசரும், ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியும் வேண்டும், கடையில் விற்கும் கைக்கடிகாரத்தில் அது இல்லை. எவர்சென்ஸ் என்ற கருவி ஒளிர்தலைக் கொண்டு அளக்கிறது, ஆனால் உணரியைத் தோலுக்கு அடியில் வைக்க வேண்டும். குத்தாமல் சுகர் அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். ஆப்பில் எந்த அளவையும் பதியாமல், காலைச் சாப்பாட்டுக்கு முன்பும் ஒரு மணி நேரம் கழித்தும் விரலில் குத்திப் பாருங்கள். மீட்டர் 120இல் இருந்து 210க்குப் போயிருக்கும்போது வாட்ச் 118, 124 என்று நின்றால் உண்மை விளங்கிவிடும்.

குத்த வலிக்கிறது என்பதுதான் அப்பாவின் சிக்கல் என்றால் அதைக் குறைக்க வழி உண்டு. வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள். மாம்பழம் தொட்ட விரல் பொய்யாகக் கூட்டிக் காட்டும், ஈரம் பொய்யாகக் குறைக்கும். கையைச் சற்றுத் தொங்கவிட்டு, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்த வேண்டும். ஆழத்தைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். ஊசியை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், மழுங்கிய ஊசிதான் அதிகம் வலிக்கும். அடிக்கடி பார்க்க வேண்டியவர் என்றால் 14 நாள் கையில் ஒட்டியிருந்து சுகரைத் தொடர்ந்து அளக்கும் சிஜிஎம் கருவி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அதிலும் மெல்லிய இழை தோலுக்குள் போகும், வேகமாக ஏறி இறங்கும்போது ரத்த அளவைவிட சில நிமிடங்கள் பின்தங்கும்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். குளுக்கோமீட்டர் மிஷினை மலிவாகத் தந்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப்பில் வசூலிக்கிறார்கள். தினம் இரண்டு ஸ்ட்ரிப் என்பது ஓய்வூதியம் இல்லாத வீட்டுக்குப் பெரிய செலவு. மக்கள் இந்த வாட்ச்களை நம்பிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். அவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்பாவுக்குக் கை நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் வாட்ச்சைப் பார்க்காமல் மீட்டரைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தாலோ, மீட்டர் கையில் இல்லாவிட்டாலோ, உடனே 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.