செகண்ட் ஹேண்ட் காரை எங்கே சர்வீஸ் விடுவது, கம்பெனியிலா லோக்கல் மெக்கானிக்கிடமா?

சென்னையில் இருக்கிறீர்கள், 2015 மாடல் வேகன்ஆர் பெட்ரோல், மீட்டரில் 70,000 கிமீ, தெரிந்தவர் மூலம் வாங்கியது. கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் பில் எகிறும் என்கிறார்கள், லோக்கல் மெக்கானிக் என்றால் வண்டியைக் கெடுத்துவிடுவார் என்கிறார்கள், குறைந்த செலவில் எங்கே விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் ஏறக்குறைய அதே காலத்து மாருதி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கித்தான் ஓட்டுகிறேன், இரண்டு இடத்துக்கும் போகிறேன். என் அனுபவத்தில் பழைய காரில் காசு கரைவது லேபர் ரேட்டில் இல்லை, தேவையே இல்லாத வேலைகளில். என்னென்ன செய்யவேண்டும் என்கிற பட்டியல் உங்களிடம் இருந்தால் கம்பெனியில் விட்டாலும் பில் ஓரளவு கட்டுக்குள் இருக்கும். பட்டியல் இல்லாமல் போனால் தெருமுனை மெக்கானிக்கிடமும் செலவு ஏறிக்கொண்டேதான் போகும். அதனால் இடத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் பட்டியல்.

பட்டியலுக்கு முதல் வேலை, ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு மாருதி சர்வீஸ் சென்டருக்குப் போய் பழைய சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேளுங்கள். எந்த டீலரிடம் விட்டிருந்தாலும் வண்டி நம்பரைப் போட்டால் அவர்கள் கம்ப்யூட்டரில் வரும். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வந்தது, என்ன மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இதில் இன்னொரு லாபம், 2021லேயே 90,000 ஓடிய வண்டி இப்போது உங்களிடம் 70,000 காட்டினால் அதுவும் தெரிந்துவிடும். அப்படி இல்லாமல் இருக்கட்டும். பழைய ஓனர் பில் ஏதாவது வைத்திருந்தால் அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹிஸ்டரி பாதியில் நின்றுபோயிருந்தால் (பெரும்பாலும் ஃப்ரீ சர்வீஸ் முடிந்து ஓரிரு வருடத்தில் நின்றிருக்கும்) எதுவுமே செய்யவில்லை என்று வைத்துக்கொண்டு ஒருமுறை எல்லாவற்றையும் சுத்தமாக மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில். உங்கள் வண்டி மூன்று சிலிண்டர், பிளக் மூன்றுதான், எஸ்டிமேட்டில் நான்கு எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். இந்தப் பட்டியலில் எல்லோரும் விட்டுவிடுவது பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஏற ஏற கொதிநிலை இறங்கும். நகரத்துக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது விடாமல் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு வந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், அங்கேதான் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய, விலையும் பெரிதாக இல்லாத சாமான் இது. கூலன்ட்டிலும் கொஞ்சம் கவனம் வேண்டும், பழைய வண்டிகளில் குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருப்பார்கள்.

டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கவைக்கும் பெல்ட்) பற்றி யாராவது பயமுறுத்தினால், உங்கள் வண்டியின் கே10 இன்ஜினில் பெல்ட் கிடையாது, செயின்தான், அதை இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்ற கணக்கு இல்லை. பழைய சான்ட்ரோ, ஆல்டோ 800 வைத்திருப்பவர்களுக்கு பெல்ட் உண்டு. அவர்களுக்கு எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் முதல் செலவு அதுதான், அறுந்தால் இன்ஜின் வேலைவரை இழுத்துவிடும்.

சரி, இப்போது கம்பெனி. அங்கே பார்ட்ஸ் விலை கொள்ளை என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதி பொய். பார்ட்ஸ் எம்.ஆர்.பி.க்குத்தான் போடுகிறார்கள், அதே டப்பா வெளிக்கடையிலும் அதே விலை, தெரிந்த கடையென்றால் கொஞ்சம் குறைப்பார்கள், அவ்வளவுதான். வித்தியாசம் எல்லாம் லேபரிலும் அதன் மேல் வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யிலும், கன்ஸ்யூமபிள்ஸ் (கிரீஸ், துணி மாதிரி சில்லறைச் சாமான்கள்) என்று பில்லில் ஒரு வரியிலும், முக்கியமாகக் கூடுதல் சேர்க்கைகளிலும் இருக்கிறது. இன்ஜின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநாசினி, அடிப்பக்கத்துக்கு ஆன்டி ரஸ்ட், டெஃப்லான் கோட்டிங், இன்டீரியர் கிளீனிங், எலி வராமலிருக்க ஒரு ஸ்ப்ரே. (எலி ஸ்ப்ரேயை மட்டும் நான் கிண்டல் செய்யமாட்டேன், எங்கள் அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்கில் இரண்டு பேருக்கு ஒயரையே கடித்துவிட்டது. ஆனால் ஸ்ப்ரேக்கு எலி பயந்ததாகவும் தெரியவில்லை.) வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவலில் இத்தனை கிலோமீட்டருக்கு இதைச் செய் என்று ஒரு அட்டவணை இருக்கும், மேற்படி ஐட்டங்களில் அநேகம் அதில் இருக்காது. புத்தகம் தொலைந்திருந்தால் மாருதி வலைத்தளத்தில் பி.டி.எஃப். கிடைக்கும்.

மறுப்பது கஷ்டமில்லை. ஜாப் கார்டு (என்னென்ன வேலை என்று எழுதுகிற தாள்) போடும்போதே "மேனுவலில் இருக்கிற வேலை மட்டும் போதும் சார், வேறு எதுவாக இருந்தாலும் போன் பண்ணிக் கேட்டுவிட்டுச் செய்யுங்க" என்று சொல்லி அதை கார்டில் எழுதவும் வையுங்கள். மதியம் போன் வரும், பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது, சஸ்பென்ஷனில் புஷ் (ரப்பர் வளையம்) போயிருக்கிறது என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். "போட்டோ அனுப்புங்க, இன்னும் எத்தனை எம்.எம். இருக்கு" என்று கேளுங்கள். பிரேக் பேட் மூன்று எம்.எம்.முக்குக் கீழே என்றால் மாற்றத்தான் வேண்டும், ஐந்து ஆறு இருந்தால் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். இப்படிக் கேட்கிற ஆள் என்று தெரிந்தாலே அடுத்தமுறை பேச்சு குறைந்துவிடும். பழைய பில்லை வைத்து ஒப்பிடுகிறவர்களுக்கு ஒன்று: 2025 செப்டம்பர் 22க்கு முன்னால் பெரும்பாலான பார்ட்ஸுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம், இப்போது 18, அதனால் அன்றைய பார்ட்ஸ் விலையை அப்படியே இன்றைய எஸ்டிமேட்டோடு பொருத்திப் பார்க்காதீர்கள்.

கம்பெனிக்குத்தான் போகவேண்டிய வேலைகளும் உண்டு. ஏர்பேக் விளக்கு எரிந்தால், சாவி தொலைந்து புதுசு கோடிங் செய்யவேண்டும் என்றால், ரீகால் (தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) என்றால் அங்கேதான். ரீகால் வேலை இலவசம், நீங்கள் எத்தனையாவது ஓனராக இருந்தாலும் சரி. 2020 ஜூலையில் ஃப்யூவல் பம்ப்புக்காக வேகன்ஆரையும் பலேனோவையும் சேர்த்து 1,34,885 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், அதில் வேகன்ஆர் எல்லாம் 2018 நவம்பருக்குப் பிறகு தயாரானவை, உங்களுடையது வராது. இருந்தாலும் சேஸிஸ் நம்பரை ஒருமுறை கம்பெனி வலைத்தளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள், காசா பணமா. மாருதியின் செகண்ட் ஹேண்ட் ஷோரூமான ட்ரூ வேல்யூவில் சான்றிதழோடு வாங்கியவர்கள் என்றால் ஃப்ரீ சர்வீஸும் வாரண்டியும் இருக்கிறதா என்று பேப்பரைப் பாருங்கள், அது முடியும்வரை வெளியே விடவேண்டாம்.

இது தவிர மற்ற எல்லா வேலைக்கும் பத்து வருடம் தாண்டிய வேகன்ஆருக்கு நல்ல லோக்கல் மெக்கானிக்தான் என் தேர்வு. நம் ஊரில் எல்லா மெக்கானிக்கும் பிரித்து மாட்டிய வண்டி இது, பார்ட்ஸ் எங்கேயும் கிடைக்கும். இதே கேள்வியை ஒரு பழைய ஃபோர்டுக்கோ ஸ்கோடாவுக்கோ கேட்டிருந்தால் அந்தக் கம்பெனி வண்டியை மட்டுமே பார்க்கிற ஆளைத் தேடுங்கள் என்றிருப்பேன்.

நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆன்லைன் ஸ்டார்களை நான் பெரிதாக நம்புவதில்லை. ஒர்க்‌ஷாப்பில் என்னென்ன வண்டி நிற்கிறது என்று பாருங்கள். கால் டாக்ஸிக்காரர்கள் வண்டி விடுகிற இடம் என்றால் நல்ல அறிகுறி, அவர்களுக்கு ஒருநாள் வண்டி நின்றால் ஒருநாள் வருமானம் போச்சு, அதிகக் காசும் கொடுக்கமாட்டார்கள். அப்புறம் எடுத்த எடுப்பில் கிளட்ச் வேலையைக் கொடுக்காதீர்கள். முதலில் ஆயில் சர்வீஸ் கொடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய ஆயிலை வடிக்கக் கழட்டுகிற டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுகிறாரா, ஊற்றிய பிறகு டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்க்கிறாரா, வீல் நட்டைக் கடைசியாகக் கையால் ஒருமுறை இறுக்கிப் பார்க்கிறாரா? பக்கத்தில் நிற்பது பிடிக்காமல் "நீங்க வீட்டுக்குப் போங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்று விரட்டுகிற ஆளிடம் நான் இரண்டாவது முறை போவதில்லை.

பார்ட்ஸை நீங்களே வாங்கிக் கொடுங்கள். சென்னையில் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கும்போது கவலை எதற்கு, உங்கள் ஏரியாவிலேயேகூட மாருதி ஜெனுவின் பார்ட்ஸ் விற்கிற கடை இருக்கும். சேஸிஸ் நம்பரைச் சொன்னால் சரியான பார்ட் நம்பரைப் பார்த்து எடுத்துத் தருவார்கள். டூப்ளிகேட் அதிகம் ஓடுவது ஆயிலிலும் ஃபில்டரிலும்தான், அதனால் பில் போட்டுத் தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள், ஆயில் கேன் சீலை மெக்கானிக் உங்கள் முன்னால் உடைக்கட்டும். எந்த கிரேடு என்பது மேனுவலில் இருக்கும், ஏறக்குறைய மூன்று லிட்டர் ஆகும். ஆயில், இரண்டு ஃபில்டர், லேபர் எல்லாம் சேர்த்து எனக்கு 3,000 ரூபாய் சுற்றி முடிந்துவிடுகிறது. ஒரு விஷயம், மெக்கானிக்குக்குப் பார்ட்ஸில்தான் நாலு காசு நிற்கும், அதை நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டு லேபரிலும் பேரம் பேசினால் அடுத்தமுறை உங்கள் வண்டி வரிசையில் கடைசியில்தான் நிற்கும். லேபரை ஒழுங்காகக் கொடுங்கள். "அண்ணே, கழட்டின பழைய பார்ட்டை டிக்கியில போட்டுடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மாற்றினாரா இல்லையா என்ற பேச்சே வராது.

புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் பற்றியும் யாராவது சொல்வார்கள். சைடு மிரர், டோர் ஹேண்டில், டெயில் லேம்ப், சீட், வீல் கேப் இதெல்லாம் தாராளமாக வாங்கலாம், பேரம் பேசத் தெரிந்தால் பாதி விலைக்கும் கீழே. பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்ட எதையும் அங்கே வாங்காதீர்கள், எந்த விபத்து வண்டியில் கழட்டியது என்று யாருக்குத் தெரியும்.

ஏசி வேலையை ஏசி கடைக்கும் வீல் அலைன்மெண்ட்டை அலைன்மெண்ட் கடைக்கும் கொண்டுபோங்கள், மெக்கானிக் மூலமாகப் போனால் அவருக்கு ஒரு பங்கு சேரும். ஆப் மூலம் வீட்டுக்கே வந்து வண்டி எடுத்துப்போகிறவர்களை நான் தவிர்க்கிறேன், யார் கை வைக்கிறார்கள் என்று தெரியாது. 500, 1,000 ரூபாய்க்கு ஓ.பி.டி. ப்ளூடூத் கருவி (வண்டியின் கம்ப்யூட்டர் பதிவுசெய்த கோளாறைப் படித்துக் காட்டுவது) ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் செக் இன்ஜின் விளக்கு எரியும்போது போனிலேயே கோளாறு எண்ணைப் பார்க்கலாம். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், பிளக்கையும் காயிலையும் பார்த்துவிட்டு மேலே பேசலாம், யாரும் நேராக "இன்ஜின் இறக்கணும்" என்று சொல்லமுடியாது.

இந்த மாதமே எல்லாவற்றுக்கும் காசு இல்லை என்றால் பிரேக்கும் டயரும் முதலில். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2317 என்றால் 2017ஆம் வருடம் 23வது வாரம் செய்தது. பட்டன் (டயரின் மேல் வரிகள்) நன்றாக இருக்கிறதே என்று அதை வைத்துக்கொண்டு செங்கல்பட்டு போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் நூறில் போகாதீர்கள், மாற்றிவிடுங்கள். அடுத்து ஆயிலும் ஃபில்டரும், அதற்கடுத்த மாதம் கூலன்ட், கியர் ஆயில், பிளக். வாட்டர் வாஷ், பாலிஷ் எல்லாம் தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.