முடி வந்தபின் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் பின்னந்தலையில் ஒரு ரூபாய் அளவுக்குப் புழுவெட்டு வந்தது. இப்போது முக்கால் தலை போய்விட்டது, புருவமும் இல்லை. சனி, ஞாயிறு மட்டும் போடும் ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பியதுதான் மிச்சம். வேலூரில் பார்க்கும் தோல் டாக்டர், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் டோஃபாசிட்டினிப் மாத்திரை தொடங்கலாம் என்கிறார். அங்கே காத்திருந்த ஒரு பையன், முடி முழுக்க வந்து, மாத்திரையை நிறுத்தியதும் கொட்டிவிட்டது என்றான். இன்னொரு அம்மாவுக்கு அக்கி வந்ததாம். “முடிக்காக உடம்பைக் கெடுத்துக்காதே, இருக்கிறதையும் திருப்பதியில் கொடுத்துடு” என்கிறார் மாமியார். மாமனார் டி.பி.யில் படுத்து, போன வருடம்தான் தேறினார். வீடு, தறி எல்லாம் நான்தான் பார்க்கிறேன். இந்த மாத்திரையைப் போடலாமா?
– பெயர் வேண்டாம், நகரி

அன்புத் தங்கைக்கு,

வேலைப் பளுவைச் சொல்லும்போது போகிறபோக்கில் மாமனாரின் டி.பி.யை எழுதியிருக்கிறீர்கள். அதை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால், முதல் மாத்திரைக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஒரே வீட்டில் இருந்தவர்களின் உடம்பில் டி.பி. கிருமி சத்தமில்லாமல் தங்கியிருக்கலாம். இருமல், காய்ச்சல் எதுவும் இருக்காது. நம் எதிர்ப்புச் சக்திதான் அதை அடக்கி வைத்திருக்கும். அந்தப் பிடியைத் தளர்த்தும் மருந்தைச் சாப்பிட்டால் கிருமி விழித்துக்கொள்ளலாம். அதனால்தான் நெஞ்சு எக்ஸ்ரேயும், கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனையோ அதற்கான ரத்தப் பரிசோதனையோ எடுக்கச் சொல்கிறார்கள். கிருமி இருப்பது தெரிந்தால் தடுப்பு மருந்தை முதலில் ஆரம்பித்து, கொஞ்ச காலம் கழித்து இந்த மாத்திரைக்கு வரலாம். டி.பி. நோயாளியின் வீட்டாருக்கு அரசுத் திட்டத்தில் அந்தத் தடுப்பு மருந்து இலவசம். மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி, ரத்த அணுக்கள், கல்லீரல், கொழுப்பு இவற்றையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

எனக்கும் 41 வயதில் புழுவெட்டு வந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். “குண்டு கொட்டிஞ்சுகுன்னாரா?” (மொட்டை போட்டீர்களா?) என்று தெலுங்கில் யாராவது அன்பாகத்தான் கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். வேண்டுதல் மொட்டைக்கு நம் பக்கத்தில் எவ்வளவு மரியாதை! தானாக விழுந்த முடிக்கு அது கிடைப்பதில்லை. அதனால் முடி வேண்டும் என்று நீங்கள் நினைப்பதை யாரும் சின்ன ஆசை என்று சொல்ல விடாதீர்கள். புருவம் போன முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

தமிழில் புழுவெட்டு என்கிறோம், தெலுங்கில் பேன் கடித்தது என்கிறார்கள். இதில் புழுவும் இல்லை, பேனும் இல்லை. நம் எதிர்ப்புச் சக்தியே முடி வேரை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. வேர் செத்துப் போவதில்லை, வேலையை நிறுத்திக்கொள்கிறது. தாக்குதல் நின்றால் பல வருடம் கழித்துக்கூட முளைக்கலாம். டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகள் உடம்பின் செல்களுக்குள் அந்தத் தாக்குதலைத் தூண்டும் சமிக்ஞையைத் தடுக்கின்றன. மாத்திரை இருக்கும்வரை தடை இருக்கும். அதை எடுத்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்குத் தாக்குதல் திரும்பத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். அவன் எதுவும் தப்பாகச் செய்யவில்லை. முடி வந்ததும் வியாதி போய்விட்டது என்று நினைத்துவிட்டான். பத்து நாள் மாத்திரையில் காய்ச்சல் குணமாகிப் பழகிய நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இது பிரஷர் மாத்திரை மாதிரி.

பலன் எவ்வளவு? டோஃபாசிட்டினிபின் குடும்பத்தைச் சேர்ந்த பாரிசிட்டினிப் என்ற மருந்தை, பெரியவர்களின் கடுமையான புழுவெட்டுக்கென்றே அமெரிக்காவில் 2022 ஜூனில் அனுமதித்தார்கள். அதற்கு முன் நடந்த இரண்டு ஆய்வுகளில் பாதித் தலையாவது முடி இழந்தவர்கள்தான் இருந்தார்கள். தினமும் 4 மில்லிகிராம் வீதம் 36 வாரம் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 36 முதல் 39 பேருக்குத் தலையில் 80 சதவீதமாவது முடி இருந்தது. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் அந்த நிலைக்கு வந்தவர்கள் 3 முதல் 6 பேர்தான். நல்ல பலன், ஆனால் எல்லோருக்கும் இல்லை. முடி போய் நான்கு வருடம் ஆகாதவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். உங்களுக்கு இரண்டு வருடம்தானே ஆகிறது.

டோஃபாசிட்டினிப் மூட்டுவாதத்துக்கு வந்த மருந்து. இந்தியக் கம்பெனிகள் விலை குறைவாகத் தயாரிப்பதால் தோல் டாக்டர்கள் புழுவெட்டுக்கும் எழுதுகிறார்கள். 50 வயது கடந்த, இதய நோய்க்கு வாய்ப்புள்ள மூட்டுவாதக்காரர்களிடம் நடந்த ஆய்வில் மாரடைப்பு, ரத்தக் கட்டி, புற்றுநோய் மூன்றும் இதில் கூடுதலாகத் தெரிந்ததால், 2021-ல் இந்த மருந்துகளுக்கான எச்சரிக்கையைக் கடுமையாக்கினார்கள். 34 வயதில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலோ, வீட்டில் யாருக்காவது காலில் ரத்தம் கட்டியிருந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதையும் முன்பே பேசிவிடுங்கள், இந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது கருத்தரிக்கக் கூடாது. அக்கி இதில் வரக்கூடியதுதான். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலோடு கொப்புளம் வந்தால் அன்றைக்கே போங்கள். சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எனக்குக் கொடுத்தது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் இன்னொரு மருந்தான மெத்தோட்ரெக்ஸேட், வாரம் ஒரே ஒரு நாள். ஒரு மருந்துக்கடையில் கவரின் மேல் ‘தினமும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் சொன்னது நினைவிருந்ததால் பிழைத்தேன். அதைத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டமிட்டு வைத்தேன். திங்கட்கிழமை முழுக்கக் குமட்டும். ஐந்தாவது மாதம் பூனை முடி மாதிரி வெள்ளையாக வந்தது, அப்புறம்தான் கறுத்தது. நிறுத்தி ஒரு வருடத்தில் காதோரம் ஒரு வட்டம் திரும்பி வந்தது. அழுதேன், உண்மைதான். ஆனாலும் மருந்து சாப்பிட்ட அந்தக் காலத்தை வீண் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மாமியாரிடம் கோபப்படாதீர்கள். வேண்டுதல் இருந்தால் முடியைக் கொடுத்துவிட்டே மாத்திரையைத் தொடங்கலாம், ஒன்றுக்கொன்று தடையில்லை. மொட்டை போட்டால் புழுவெட்டு போய்விடும் என்பது மட்டும் சரியில்லை. ஆற்றுத்தும்மட்டிக் காய், வெங்காயம் எதையும் தலை புண்ணாகும்படி தேய்க்க விடாதீர்கள். இந்த மாத்திரை சாப்பிடும்போது புண்ணில் கிருமி சுலபமாகச் சேரும். ஸ்டீராய்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்கும் விதத்தை டாக்டர் சொல்வார்.

போடலாமா என்றால், டி.பி. சோதனை சரியாக இருந்து, வருடக்கணக்கில் வாங்கக் கையில் வழியும் இருந்தால், போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். செலவை மாதக் கணக்கில் கேட்காமல் இரண்டு வருடத்துக்கு, ரத்தப் பரிசோதனையும் வேலூர் போய்வரும் செலவும் சேர்த்து, தறி வருமானத்தோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். எத்தனை மாதம் பார்ப்பது, வரவில்லை என்றால் என்ன, வந்தால் எப்படிக் குறைப்பது, இந்த மூன்றையும் இப்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்த முறை போகும்போது மாமனாரின் டி.பி. சிகிச்சை அட்டையையும் பையில் எடுத்துப் போங்கள்.